1929 உம் எங்கட பக்கத்துக் கந்தோரும்: பிள்ளை ஒண்டுக்காக அலைஞ்ச அனுபவம்

1929 எண்டது இலங்கையில பிள்ளையளுக்கு ஆபத்து எண்டால் எடுக்கிற போன் நம்பர். ஆருக்கேன் உதவும் எண்டு எழுதுறன். ஊரின்ர பேரும் கந்தோரின்ர பேரும் போடேல்லை, போட்டால் பிள்ளை ஆர் எண்டு கண்டுபிடிச்சிடுவினம்.

பக்கத்து வளவில ஒரு சின்னப் பெடியன். தாய் வெளிநாட்டில வேலை, அம்மம்மாதான் பாக்கிறா, தேப்பன் குடிச்சிட்டு வந்தால் அடி. அவையின்ர குடும்ப விசயம் எண்டு நாங்களும் கனநாள் பேசாமல் இருந்திட்டம், இப்ப நினைச்சாலும் நெஞ்சு வலிக்குது. ஒருநாள் ராத்திரி முதுகில பெல்ட் அடையாளத்தோட வேலிக்குள்ளால புகுந்து வந்து எங்கட குசினி வாசல்ல நிண்டான், அண்டைக்குத்தான் 1929க்கு எடுத்தனான்.

காசு இல்லை, 24 மணித்தியாலமும் எடுக்கலாம், தமிழிலயே கதைக்கலாம், பேர் சொல்ல விருப்பமில்லை எண்டாலும் முறைப்பாடு எடுப்பினம். 1998ம் ஆண்டு 50ம் இலக்கச் சட்டத்தால வந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின்ர நம்பர் அது. எனக்குப் பிடிச்சது போனில மறுபக்கத்தில கதைச்ச பெண் கேள்வி கேட்ட ஒழுங்கு. முதல் கேள்வி “பெடியன் இப்ப எங்க நிக்கிறான்”, அடுத்தது “அடிச்சவர் இப்ப எங்க”, பேந்து “இண்டைக்கு ராத்திரி பிள்ளை எங்க படுக்கும், அங்க பெரியாக்கள் ஆர் இருக்கினம்”. அதுக்குப் பிறகுதான் வயசு, முந்தியும் நடந்ததோ, குடி ஒவ்வொரு நாளுமோ, வீட்டில வேற பிள்ளையள் இருக்கோ, அம்மம்மாவுக்கும் அடி விழுறதோ எண்டெல்லாம் கேட்டவா. பேந்துதான் விளங்கிச்சு, இது ரெண்டு கணக்கு: இந்த ராத்திரி பிள்ளைக்கு ஆபத்தோ எண்டது ஒண்டு, விட்டால் வாற மாசங்களில திரும்ப நடக்குமோ எண்டது மற்றது. முதலாவதை உடன முடிவெடுக்கோணும், ரெண்டாவதுக்கு வீட்டை வந்து பாக்கோணும்.

வந்தவை. நன்னடத்தை உத்தியோகத்தரும் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரும். அம்மம்மா நடுங்கிப் போனா, பிள்ளையைக் கொண்டுபோய் இல்லத்தில விட்டிடுவினம் எண்டு, உண்மையில எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அப்பிடி ஒண்டும் செய்யேல்லை. இல்லத்தில விடுறது கடைசி வழி, அதுக்கும் நீதிமன்றம் கட்டளை போடோணும் எண்டு அவவைப் பக்கத்தில இருத்தி ஆறுதலா விளங்கப்படுத்தினவை. பெடியன் படுக்கிற இடத்தைப் பாத்தவை, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கோ எண்டு பாத்தவை, பள்ளிக்கூட வரவு கேட்டவை, விதானையாரிட்டயும் மிட்வைஃபிட்டயும் விசாரிச்சவை, மாமரத்துக்குக் கீழ பெடியனோட தனியக் கதைச்சவை. வீட்டில இருக்கிற நல்லதையும் எழுதினவை எண்டது எனக்குப் பெரிய விசயமாப் பட்டது: அம்மம்மா ஒருநாளும் விட்டிட்டுப் போகமாட்டா, அடுத்த ஒழுங்கையில சித்தப்பா இருக்கிறார், பெடியன் பள்ளிக்கூடத்தை ஒருநாளும் விடுறேல்லை. தேப்பன் சித்தப்பா வீட்டை போய் இருக்கோணும், குடிச்சிட்டு இஞ்சால வந்தால் அம்மம்மா எங்களுக்குப் போன் அடிக்கோணும், நாங்கள் பொலிசுக்குச் சொல்லோணும் எண்டு ஒரு ஒழுங்கு அண்டைக்கே செய்தவை. இது மட்டும் எண்டால் 5க்கு 5 குடுப்பன்.

ஆனா பேந்து கந்தோர் கந்தோரா ஏறின கதை வேற. அதிகாரசபை மத்திய அரசோட, நன்னடத்தைத் திணைக்களம் அரசியலமைப்பின்ர 13ம் திருத்தத்துக்குப் பிறகு மாகாணத்தோட, பொலிசில சிறுவர் மகளிர் பணியகம் தனிய, காயத்தைப் பாக்கிற சட்ட வைத்திய அதிகாரி ஆஸ்பத்திரியில. ஒவ்வொருத்தருக்கும் ஒரு வேலை இருக்கு, அது சரி, ஆனா அம்மம்மா ஒரே கதையை நாலு இடத்தில முதலில இருந்து சொன்னவா, பெடியன் மூண்டாம் தரம் கேக்கேக்க வாயே திறக்கேல்லை, நிலத்தைப் பாத்துக்கொண்டு இருந்தான். முதல் இடத்தில வடிவா எழுதின அறிக்கை அடுத்த இடத்துக்கு ஏன் போகக்கூடாது? ஒரு கந்தோரில எங்களை இருத்திக் கதைச்சது ஃபைல் றாக்கைக்குப் பக்கத்தில, பின்னால வேற அலுவலுக்கு வந்த சனம் வரிசையில, எல்லாருக்கும் கேக்குது. ஒரு கதவு பூட்டின அறை கேக்கிறது பெரிய விசயமே? அதுக்குள்ள எங்கட கேஸ் பாத்தவவுக்கு இடமாற்றம், புதுசா வந்தவர் நல்ல மனுசன், ஆனா அவரும் “முதலில இருந்து சொல்லுங்கோ” எண்டார். கவுன்சிலிங்குக்கு ரெண்டு மாசம் காத்திருந்தம், அடிபட்ட பிள்ளைக்கு அது நீண்ட காலம்.

மொத்தமா 5க்கு 3 குடுக்கிறன். குறைஞ்ச ரெண்டும் ஆக்களுக்கு இல்லை, வேலையைப் பிரிச்சு வைச்சிருக்கிற விதத்துக்கு. பிள்ளைக்கு ஒரு ஆள், ஒரு ஃபைல், அந்த ஆள் மாறினால் பழையவரும் புதியவரும் ஒருக்கா ஒண்டா வீட்டை வந்து பாக்கோணும்.

போறாக்கள் முதல் போன் எடுத்திட்டுப் போங்கோ, உத்தியோகத்தர்மார் கனநாள் வெளிக்களத்தில நிப்பினம். ஆரோட கதைச்சம், என்ன சொன்னவை எண்டு கொப்பியில திகதியோட எழுதி வையுங்கோ. அடுத்த தரம் எப்ப வீட்டை வருவினம் எண்டு கட்டாயம் கேளுங்கோ. எங்களுக்குச் சொன்ன திகதிக்கு ரெண்டு நாள் முந்தியே, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிண்டவர் அந்தப் புது உத்தியோகத்தர், பெடியன் அப்ப எங்கட முத்தத்தில பட்டம் கட்டிக்கொண்டு இருந்தவன்.