வெள்ளி வேலின் ஊதா ஓரம்: சாதா 85ஆ, ஈடி 85ஆ?

காவடிப் படங்களுக்காக இரண்டு 85 எம்எம் லென்ஸ்களுக்கு நடுவே ஊசலாடி, கடைசியில் கனமானதை வாங்கினேன். கையிலிருந்த பழையது எஃப் 1.8 (இந்த எண் சிறிதானால் அபெர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துளை, பெரிது), சாதாரணக் கண்ணாடி. புதியது எஃப் 1.4, உள்ளே ஈடி, அதாவது நிறங்களைக் குறைவாகச் சிதறடிக்கும் கண்ணாடி. விலையிலும் எடையிலும் பழையதுதான் ஜெயிக்கும். ஒரு கிலோவுக்கு மேலுள்ள லென்ஸோடு தைப்பூச வெயிலில் மொரீஷியஸின் காத்ர் போர்ன் மலைக்கோயில் வரை நடந்தால் தோள்பட்டை அதைச் சொல்லும். கூர்மை, எஃப் 4க்கு வந்துவிட்டால் இரண்டும் ஒன்றுதான்.

என் மனத்தை மாற்றியது நிறம். கண்ணாடி, நீல ஒளியைச் சிவப்பைவிடக் கூடுதலாக வளைக்கும். கிரவுன், ஃபிளிண்ட் என்ற இரு வகைக் கண்ணாடிகளை ஜோடி சேர்த்தால் இரண்டு நிறங்கள் ஓரிடத்தில் குவியும். மற்றவை கொஞ்சம் தள்ளி விழும். சாதாரண கிரவுனின் அபே எண் சுமார் 64, ஈடி வகைகளில் 81, 95 வரை. எண் கூடினால் நிறச்சிதறல் குறைவு.

அலகு குத்திய கன்னத்தில் வெயில் பட்டு மின்னும் வெள்ளி வேலைப் பழைய லென்ஸில் எடுத்துப் பாருங்கள். ஃபோகஸுக்கு முன்னால் ஊதா ஓரம், பின்னால் பச்சை. படத்தின் மூலைகளில் வரும் நிறக்கசிவு வேறு, அதை மென்பொருள் ஒரு சொடுக்கில் துடைத்துவிடும். இதுவோ தூரத்துக்கேற்ப மாறுவது, அவ்வளவு சுலபமாக மடங்காது. ஊதாவை உறிஞ்சும் ஸ்லைடரை இழுக்கலாம்தான். ஆனால் மொரீஷியஸில் காவடிக்குப் பலர் உடுத்துவதே அடர் ரோஜா நிறமாயிற்றே! வேலின் ஓரத்தோடு புடவை மடிப்பும் சாம்பல் பூத்துவிடும். சித்தியின் புடவையை மென்பொருளில் மாஸ்க் போட்டு (அந்தப் பகுதியை மட்டும் மறைத்து) காப்பாற்றவே எனக்கு ஒரு சனிக்கிழமை போனது.

அபெர்ச்சரைச் சுருக்கினால் பழையதிலும் ஊதா மங்கும். கூடவே பின்னால் நிற்கும் கார்களும் தண்ணீர் பாட்டில்களும் தெளிவாக வந்து நிற்கும்.

நிறச்சிதறல் குறைந்த ஃபுளோரைட் படிகம்? கேனன் 1969இலேயே 300 எம்எம் லென்ஸில் அதை வைத்தது. நீண்ட டெலிஃபோட்டோக்காரர்கள் கவலைப்படட்டும். நிறப்பிழை திருத்தியது என்று லென்ஸில் பொறிக்கும் ‘அபோ’ என்ற எழுத்துக்கும் மயங்க வேண்டாம். அதற்குப் பொது அளவுகோல் கிடையாது.

என் ஈடி லென்ஸ் இரண்டு தைப்பூசம்தான் கண்டிருக்கிறது. கிட்டத்தில், எஃப் 1.4இல், மெல்லிய பச்சை இன்னும் எட்டிப்பார்க்கிறது. எஃப் 2இல் என் கண்ணுக்குப் படவில்லை. ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும் பயம் இரண்டுக்கும் பொது, இரண்டும் சிலிக்கா ஜெல்லோடு ஒரே டப்பாவில்தான் கிடக்கின்றன. பழையதை விற்கவில்லை. பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு அதைத்தான் எடுக்கிறேன்.