குழந்தை பிறந்த பிறகு: எல்டன் ரிங்கா, ஹேடிஸா?

வீட்டுக்குப் புதிதாய் ஒரு ஆள் வந்துவிட்டால் கேமுக்கு மிஞ்சுவது அரைமணி நேரம். அதுவும் நிச்சயமில்லை.

எல்டன் ரிங் (2022) பிரமாதமான கேம், சந்தேகமே இல்லை. ஆனால் அதில் ஆட்டத்தை இடையில் நிறுத்திவைக்கும் வழக்கமான பாஸ் பட்டன் கிடையாது. மார்கிட் என்ற பெரிய எதிரி கைத்தடியை ஓங்கி, அடிக்காமல் ஒரு நொடி தாமதிப்பான்; நாம் அடிக்குத் தப்ப அவசரப்பட்டு உருண்டிருப்போம், அப்புறம்தான் அடி விழும். அந்தத் தாளம் பிடிபட மனம் முழுசாக அங்கே இருக்கணும். ஒரு காதைத் தொட்டிலில் வைத்துக்கொண்டு அது நடக்காது. செத்தால், எதிரிகளைக் கொன்று சேர்த்த ரூன்கள் (கேமுக்குள் செலவழிக்கும் புள்ளிகள்) விழுந்த இடத்திலேயே கிடக்கும். எடுக்கப் போகும் வழியில் மறுபடி செத்தால் எல்லாம் போச்சு.

ஹேடிஸ் (2020) வேறு ரகம். எந்த நொடியிலும் நிறுத்தலாம். பாதியில் மூடினால், இருந்த அறையின் தொடக்கத்திலிருந்து தொடரலாம். பாதாளத்திலிருந்து தப்ப முயலும் நாயகன் சாக்ரியஸ் ஒவ்வொரு முறை சாகும்போதும் அப்பா வீட்டுக்கே திரும்புகிறான்; அங்கே எல்லோரும் புதிதாக ஏதாவது பேசுகிறார்கள், கதை நகர்கிறது. தோற்றாலும் அந்த அரைமணி வீணாகவில்லை. அறிவியல் புனைவு, மிகுபுனைவுப் படைப்புகளுக்கான ஹியூகோ விருதும் 2021இல் இதற்குக் கிடைத்தது.

குறை? நாள்பட்டால் அதே அறைகள், அதே எதிரிகள். ஊர் சுற்றும் சுகம் இதில் சுத்தமாக இல்லை.

என் ஓட்டு இப்போதைக்கு ஹேடிஸுக்கு. பிள்ளை இரவு முழுக்கத் தூங்கப் பழகியதும் மார்கிட்டைப் பார்த்துக்கொள்கிறேன்.