வான்கார்ட்: இரண்டாம் பாகமா, மூன்றாம் பாகமா?

ராயபுரத்தில் எங்கள் செட்டில் யாராவது மாஸ் எஃபெக்ட் வீடியோ கேமில் வான்கார்ட் என்ற, பாய்ந்து மோதும் வீரர் வகையை எடுத்தால், எந்தப் பாகத்தில் ஆடுவது என்ற பேச்சு வந்துவிடும். 2010-இல் வந்த இரண்டாம் பாகத்தில் சார்ஜ் அடித்து, அதாவது பாய்ந்து போய், எதிரி மேல் மோதினால் பேரியர் என்ற காப்புக் கவசம் நிரம்பும். அப்புறம் ஷாட்கன்தான் துணை. இன்சானிட்டி என்ற மிகக் கடினமான நிலையில் கூட்டத்துக்கு நடுவே போய் விழுந்தால் அடுத்த சார்ஜுக்குள் ஆள் காலி. காசிமேட்டு பாக்ஸர் மாதிரி, ஓரமாகத் தனியாக நிற்பவனைப் பார்த்து இறங்க வேண்டும்.

2012-இன் மூன்றாம் பாகம் வேறு ரகம். சார்ஜில் நிரம்பிய பேரியரை நோவா என்ற தாக்குதலாக வெடிக்கவிட்டு, உடனே மறுபடி சார்ஜ். துப்பாக்கி எடை குறைந்தால் சார்ஜ் சீக்கிரம் மறுபடி தயாராகும். லேசான ஒரு துப்பாக்கி போதும். பான்ஷீ என்ற எதிரி பக்கம் மட்டும் போகாதே மச்சான், கையில் சிக்கினால் முடிந்தது.

வேகத்துக்கு மூன்றுதான். ஆனால் நிதானம் வேண்டுமென்றால் இரண்டை முதலில் ஆடு.