பெரிய நட்சத்திரம் கருவாகுறத பாக்க எந்த விண்வெளி டெலஸ்கோப் பெஸ்ட்டு: ஸ்பிட்சரா, ஹெர்ஷலா, ஜேம்ஸ் வெப்பா?

மூக்கையூர் கடற்கரையில ராத்திரி விருச்சிகத்தோட வால மச்சானுக்கு காட்டிட்டு இருந்தேன், அந்தப் பக்கம் சூரியனப் போல 8 மடங்குக்கு மேல எடை உள்ள நட்சத்திரமெல்லாம் உருவாகுதுன்னு சொன்னதும் "அப்ப ஜேம்ஸ் வெப் தான்டா பெஸ்ட்டு"ன்னுட்டான். எல்லாரும் அதத்தான் சொல்றாங்க, நான் ஒத்துக்க மாட்டேன்.

சாயல்குடிப் பக்கம் கரிமூட்டம் பாத்திருப்பீங்க. கருவேல விறக அடுக்கி மண்ணப் பூசிட்டா உள்ள தீ இருக்கா இல்லையான்னு வெளிய நின்னு சொல்ல முடியாது. நமக்கு வேணுங்கறது இன்னும் தீயே வைக்காத மூட்டம், அதாவது உள்ள நட்சத்திரம் இன்னும் பொறக்காத குளிர்ந்த தூசி மேகம்.

ஸ்பிட்சர் 2003ல போனது, 85 செ.மீ கண்ணாடி. 8 மைக்ரான் (மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) அலைநீளத்துல, அதாவது கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட்ல, பால்வெளியே மினுமினுங்கும், அதுக்கு முன்னால குளிர்ந்த மேகம் கருப்பா தெரியும், பாம்பன் பாலத்து வெளிச்சத்துக்கு முன்னால லைட்டு போடாத வள்ளம் தெரியுமே, அந்த மாதிரி. ஆனா பின்னாடி வெளிச்சமே கம்மியா இருந்தாலும் கருப்பாத்தான தெரியும்? இப்படி லிஸ்ட்ல ஏறின நிறைய "மேகம்" ஹெர்ஷல்ல பாத்தப்ப வெறும் ஓட்டைன்னு தெரிஞ்சுச்சு.

ஹெர்ஷல் கத வேற. 2009ல போச்சு, 3.5 மீட்டர் கண்ணாடி, 70ல இருந்து 500 மைக்ரான் வரைக்கும் படம் எடுத்துச்சு. 15 கெல்வின் (மைனஸ் 258 டிகிரி செல்சியஸ்) தூசி அதிகமா ஒளிர்றது 190 மைக்ரான் கிட்ட, அதாவது மேகம் தானே விடுற ஒளியையே பிடிக்குது, அதவச்சு வெப்பமும் எடையும் கணக்குப் போடலாம். 250ல பளிச்சுன்னு இருந்து 70ல இருட்டா இருந்துச்சுன்னா, அதான் தீ வைக்காத மூட்டம். ஒரே குறை, படம் மசமசன்னு இருக்கும், 10,000 ஒளியாண்டு தூரத்துல ஒரு ஒளியாண்டு அகலமே ஒரு புள்ளிதான். உள்ள எத்தன துண்டுன்னு பிரிச்சுப் பாக்க சிலி நாட்டுல 5,000 மீட்டர் உசரத்துல இருக்குற அல்மா டெலஸ்கோப்கிட்டதான் போகணும், அது இன்ஃப்ராரெட் இல்ல, மில்லிமீட்டர் அலை.

வெப் 6.5 மீட்டர், படம் கத்தி மாதிரி இருக்கும், ஆனா சுமார் 28 மைக்ரானோட நின்னுரும், 15 கெல்வின் தூசி அங்க பேச்சே இல்ல. குழந்த நட்சத்திரம் பொறந்தப்புறம் பீச்சியடிக்கிற ஜெட்டெல்லாம் பாக்க அதுதான் ராஜா.

இந்த தூர இன்ஃப்ராரெட்ட தரையில இருந்து பாக்க முடியாது, காத்துல உள்ள ஈரமே குடிச்சிரும், நம்ம கடக்கரைக் காத்தப் பத்தி சொல்லவே வேணாம். அதான் மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனம் டிஐஎஃப்ஆர்காரங்க ஹைதராபாத்துல இருந்து 1 மீட்டர் டெலஸ்கோப்ப பலூன்ல கட்டி பறக்கவிட்டாங்க.

ஹெர்ஷலுக்கு 2013ல கருவிகள குளிர வைக்கிற ஹீலியம் தீந்து போச்சு, டேட்டா மட்டும் ஃப்ரீயா கிடக்கு. மச்சானுக்கு லிங்க் அனுப்பிட்டேன், அவன் இன்னும் வெப் போட்டோவத்தான் வால்பேப்பரா வச்சிருக்கான்.