ஹார்ட் டிஸ்க் இல்லை என்று அடம்பிடிக்கும் இன்ஸ்டாலர்: விர்ச்சுவல்பாக்ஸுடன் பத்து ஆண்டுகளுக்கு மேல்

எங்கள் அச்சகத்தில் 2014 வரை எல்லாக் கணினிகளிலும் விண்டோஸ் எக்ஸ்பிதான். அந்த ஏப்ரலில் அதற்கான பாதுகாப்பு அப்டேட் நின்றதும் உபுண்டு என்ற லினக்ஸுக்கு மாறினேன். ஆனால் பத்துப் பன்னிரண்டு வருடக் கல்யாணப் பத்திரிகைகளும் கோயில் மலர்களும் விண்டோஸில் ஓடும் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் கோப்புகளாக, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் கிடந்தன. "மூத்தவளுக்கு அடிச்ச அதே பத்திரிகைதான், பேரையும் தேதியையும் மட்டும் மாத்திக் குடுங்க" என்று வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப மனம் வராது. அதனால் உபுண்டுவில், ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை (மெஷினை) ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு, அதற்குள் எக்ஸ்பியை நிறுவினேன். இன்றுவரை ஓடுகிறது. இத்தனை வருடத்தில் என்னைப் படுத்தியது எக்ஸ்பியும் இல்லை, பேஜ்மேக்கரும் இல்லை. விர்ச்சுவல் டிஸ்க்தான், அதாவது உள்ளே ஓடும் எக்ஸ்பி தன் ஹார்ட் டிஸ்க் என்று நினைக்கும் கோப்பு.

முதல் நாளே ஆரம்பித்தது. பத்து ஜிபியில் டிஸ்க் உருவாக்கி, சிடியின் ஐஎஸ்ஓவை (முழு சிடியும் ஒரே கோப்பாக) மாட்டி, மெஷினை ஓட்டினால், நீலத்திரையில் "கணினியில் ஹார்ட் டிஸ்க் எதுவும் இல்லை" என்று நின்றுவிட்டது. டிஸ்க் கோப்பு என் கண் முன்னால் ஃபோல்டரில் இருக்கிறது! அழித்துவிட்டு இரண்டு முறை புதிதாக உருவாக்கியும் அதே கதை. ஒரு முழு இரவு போன பிறகுதான் புரிந்தது: டிஸ்க்கில் கோளாறு இல்லை, அதை மாட்டியிருந்த கன்ட்ரோலரில், அதாவது டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் பகுதியில்தான் சிக்கல். மெஷினை உருவாக்கும்போது வகை என்ற இடத்தில் எக்ஸ்பிக்குப் பதில் விண்டோஸ் 7 என்று கொடுத்திருந்தேன். அதனால் டிஸ்க் சாட்டா என்ற புதிய வகைக் கன்ட்ரோலரில் போய் உட்கார்ந்தது. எக்ஸ்பி சிடியில் அதற்கான ஏஹெச்சிஐ டிரைவர் (கன்ட்ரோலரோடு பேச விண்டோஸுக்குத் தேவையான சிறு நிரல்) கிடையாது. அமைப்புகளில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய், டிஸ்க்கை அங்கிருந்து கழற்றி பழைய வகையான ஐடிஇ கன்ட்ரோலரில் மாட்டினேன். உடனே பத்து ஜிபியும் தெரிந்தது.

நிறுவி முடித்த எக்ஸ்பி டிஸ்க்கைப் பிறகு சாட்டாவுக்கு மாற்றினாலும் இதே காரணம்தான் வேறு உருவத்தில் வரும். பூட் ஆகும்போதே 7பி என்று முடியும் பிழை எண்ணோடு நீலத்திரை விழும். பயப்பட வேண்டாம், தரவு எதுவும் போயிருக்காது. பழைய கன்ட்ரோலருக்கே மாற்றினால் எழுந்துவிடும்.

இது பழைய விண்டோஸின் நோய் மட்டும் இல்லை. போன வருடம் நண்பரின் மகன் கேவிஎம்மில் (விர்ச்சுவல்பாக்ஸ் போலவே மெஷின் ஓட்ட லினக்ஸில் உள்ள வசதி) விண்டோஸ் 10 நிறுவும்போது அழைத்தான். "மாமா, டிஸ்க்கே காட்டமாட்டேங்குது." வேகத்துக்காக, விர்ச்சுவல் மெஷின்களுக்கென்றே உள்ள விர்ட்ஐஓ வகை டிஸ்க் கொடுத்திருந்தான். அது நல்ல முடிவுதான், ஆனால் விண்டோஸ் இன்ஸ்டாலருக்கு அந்த டிரைவர் தெரியாது. விர்ட்ஐஓ-வின் என்ற டிரைவர் ஐஎஸ்ஓவை இரண்டாவது சிடியாக மாட்டி, "லோட் டிரைவர்" அழுத்தி, வியோஸ்டோர் ஃபோல்டருக்குள் தன் விண்டோஸுக்கு உரியதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். டிஸ்க் பட்டியலில் வந்துவிட்டது.

அடுத்தது எனக்கு மிகவும் வலித்தது. இடம் பற்றாமல் விடிஐ கோப்பை (விர்ச்சுவல்பாக்ஸின் டிஸ்க் கோப்பு) வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றியிருந்தேன். சில வாரம் நன்றாக ஓடியது. ஒரு முகூர்த்த சீசனில், வேலை நடுவில், மெஷின் தானாகவே பாதியில் உறைந்து நின்றது. வெளி டிஸ்க்கில் நூறு ஜிபிக்கு மேல் காலி. காரணம், அது ஃபேட்32 என்ற ஃபைல் சிஸ்டத்தில் (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறை) ஃபார்மேட் ஆனது. அதில் ஒரு தனிக் கோப்பு நான்கு ஜிபியைத் தொட முடியாது. என்னுடையது டைனமிக் வகை டிஸ்க்; அது சின்னதாகத் தொடங்கி, உள்ளே எழுத எழுத வளரும். அதனால் இன்ஸ்டால் செய்யும் நாளில் இந்தப் பிரச்சினை முகத்தையே காட்டவில்லை. கோப்பை லினக்ஸின் எக்ஸ்ட்4 பார்ட்டிஷனுக்கு நகர்த்திய பிறகு சரியானது. இன்ஸ்டால் தொடங்கும் முன்பே, டிஸ்க் கோப்பு எந்த ஃபைல் சிஸ்டத்தில் உட்காரப்போகிறது என்று பார்த்துவிடுங்கள். ஃபேட்32 தவிர வேறு வழியில்லை என்றால், விஎம்டிகே என்ற இன்னொரு டிஸ்க் கோப்பு வடிவத்தில் இரண்டு ஜிபி துண்டுகளாகப் பிரித்து வைக்கும் தேர்வு இருக்கிறது.

டைனமிக்கா, முழு அளவையும் முதலிலேயே எடுத்துக்கொள்ளும் ஃபிக்ஸடா என்று பலரும் கேட்பார்கள். எனக்கு டைனமிக்கே போதும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: உள்ளே கோப்புகளை அழித்தாலும் வெளியே விடிஐ தானாக இளைக்காது. உள்ளே காலி இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்பிவிட்டு, வெளியே விர்ச்சுவல்பாக்ஸின் விபாக்ஸ்மேனேஜ் கட்டளையால் காம்பேக்ட் செய்ய (சுருக்க) வேண்டும்.

அப்புறம், பத்து ஜிபி போதாமல் போனது. அதே கட்டளையால் இருபத்தைந்துக்குப் பெரிதாக்கினேன், ஆனால் எக்ஸ்பி பத்தையே காட்டியது. ஸ்னாப்ஷாட்கள் (இடையிடையே சேமித்து வைத்த மெஷினின் நிலைகள்) இருந்ததுதான் காரணம். மெஷின் அப்போது பயன்படுத்துவது அடிப்படை டிஸ்க்கின் மேல் அடுக்கிய வேறுபாட்டுக் கோப்பை. அதன் அளவு மாறவில்லை. ஸ்னாப்ஷாட்களை நீக்கி ஒன்றாக்கிய பிறகு புது அளவு தெரிந்தது. அப்போதும் கூடுதல் இடம் ஒதுக்கப்படாததாகத்தான் இருந்தது. எக்ஸ்பியால் தன் சி டிரைவைத் தானே நீட்டிக்கொள்ள முடியாது. பார்ட்டிஷன்களின் அளவை மாற்றும் ஜிபார்ட்டெட் லைவ் ஐஎஸ்ஓவில் மெஷினை பூட் செய்து நீட்டினேன். இதைத் தொடும் முன் ஒரு பிரதி எடுத்தே ஆக வேண்டும்.

பிரதி என்றதும் ஒன்று. விடிஐயைச் சாதாரணமாக காப்பி செய்து அதே விர்ச்சுவல்பாக்ஸில் சேர்த்தால், யூயூஐடி ஏற்கெனவே இருக்கிறது என்று மறுக்கும். அசலின் அடையாள எண்ணே பிரதிக்கும் வந்துவிடுவதால் இப்படி. மெஷினை முழுவதுமாக ஷட்டவுன் செய்துவிட்டு, குளோன் தேர்வில் பிரதி எடுங்கள், புது எண் கிடைக்கும். நான் மாதம் ஒரு குளோன் எடுக்கிறேன். எடுத்ததும் அந்தப் பிரதியை ஒருமுறை ஓட்டி, ஏதாவது ஒரு பழைய பத்திரிகையைத் திறந்து, எழுத்துரு சரியாக வருகிறதா என்று பார்த்த பிறகே முந்தைய மாதப் பிரதியை அழிப்பேன்.