அம்மாவின் பட்டன் போன் அடிக்க வேண்டும்: வெளிநாட்டிலிருந்து வீட்டுக்குப் பேசிய 13 வருட அனுபவம்

எனக்கு ஸ்பின்னிங் மில் மெஷின் எரெக்‌ஷன் வேலை. கம்பெனி கோயம்புத்தூரில், வீடு கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில். பஞ்சை நூலாக நூற்கும் ரிங் ஃபிரேம் மெஷினைப் பெட்டி பெட்டியாகக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். பின்னாலேயே நாங்கள் போய்ப் பூட்டி, லெவல் பார்த்து, நூல் ஓட்டிக் காட்டிவிட்டுத் திரும்ப இரண்டு மாதமாகும், சில இடங்களில் நாலு மாதம்கூட ஆகும். 2012இல் வங்கதேசத்தில் ஆரம்பித்தது. அப்புறம் இந்தோனேசியா, எத்தியோப்பியா, துருக்கி, உஸ்பெகிஸ்தான். பத்து நாள் டூர் போகிறவர்களுக்கு ரோமிங் பேக் போதும், அங்கேயே குடியிருப்பவர்களுக்கு அந்த ஊர் மாத பில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிற எங்களைப் போன்றவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தடவை வங்கதேசத்தின் காசிப்பூருக்குப் போனபோது எங்கள் வீட்டில் பிஎஸ்என்எல் லேண்ட்லைன்தான் இருந்தது. 91 போட்டு, 04632 போட்டு, வீட்டு நம்பரும் போட்டு இரண்டு நாள் முயன்றேன். ஒவ்வொரு தடவையும் ஒரு பெண் வங்காளத்தில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிடுவார். வெளிநாட்டிலிருந்து அடிக்கும்போது எஸ்டிடி கோடின் முதல் பூஜ்யத்தை விட்டுவிட வேண்டும் என்று கேன்டீனில் ஒரு மலையாளி சொன்ன பிறகுதான் லைன் போனது.

அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களிடம் புழங்கியது ஸ்கைப் கிரெடிட், அதாவது நெட் வழியாகப் பேசும் ஸ்கைப் செயலியில் முன்கூட்டியே போட்டு வைக்கும் பணம். லேப்டாப்பிலிருந்து சாதாரண போனுக்கே அடிக்கலாம், எதிர்முனையில் நெட் வேண்டியதில்லை. நிமிடக் கட்டணத்தோடு ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு இணைப்புக் கட்டணமும் உண்டு. நிமிடத்தை மேல் பக்கமாக முழுமையாக்கியும் எடுத்துக்கொள்ளும். ஆகவே நாலு தடவை ஒரு நிமிடம் பேசுவதைவிட ஒரே தடவையாக நாலு நிமிடம் பேசுவது லாபம். இதை அம்மாவுக்குப் புரியவைக்க முடியவில்லை. எடுத்தவுடன் "சாப்ட்டியாய்யா? சரி, காசு ஏறும், வையி" என்று வைத்துவிடுவார். அக்கா வாங்கி இன்னும் இரண்டு வார்த்தை பேசலாம் என்று மறுபடி அடித்தால் மறுபடி இணைப்புக் கட்டணம்.

இதைவிட மலிவாக இன்னொன்று கிடைத்தது. பெயர் வேண்டாம். பெட்டிக்கடையில் ஒரு பின் நம்பர் விற்பார்கள், அதைச் செயலியில் போட்டுப் பேச வேண்டும். கட்டணம் பாதிக்கும் கீழே. வாங்கி மூன்று நாளும் அம்மா போனை எடுக்கவே இல்லை. பதறிப்போய் அக்கா மூலம் விசாரித்தால், "யாரோ ஹிந்திக்காரன் விடாம கூப்பிடுதான், நான் எடுக்கல" என்கிறார். கூப்பிட்டது நான்தான். அம்மாவின் போனில் விழுந்தது மட்டும் முன்பின் தெரியாத ஓர் இந்திய மொபைல் நம்பர்.

காரணம் பிறகு விளங்கியது. வெளிநாட்டு அழைப்பு இந்தியாவுக்குள் முறைப்படி வந்தால், அதை நம் வீட்டு போனில் கொண்டு சேர்க்கும் தொலைபேசி நிறுவனத்துக்கு நிமிடக் கணக்கில் ஒரு தொகை தர வேண்டும். 2018இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதை 53 பைசாவிலிருந்து 30 பைசாவாகக் குறைத்தது, 2020இல் 35 முதல் 65 பைசாவுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று மாற்றியது. இந்தத் தொகையை ஏய்க்கத்தான் சிம் பாக்ஸ் என்று நிறைய சிம் போட்ட ஒரு பெட்டியை வைக்கிறார்கள். அழைப்பை நெட் வழியாக உள்ளே கொண்டுவந்து, ஏதோ ஒரு லோக்கல் சிம்மிலிருந்து போகிற மாதிரி மாற்றி விடுவார்கள். போலீஸ் அவ்வப்போது வீடு புகுந்து பெட்டியோடு பிடிப்பதாகச் செய்தி வருகிறதே, அது இதுதான். நம்ப முடியாத மலிவு என்றால் இப்படி ஒரு குறுக்கு வழியாக இருக்க வாய்ப்பு அதிகம். இதுபோக, வெளிநாட்டிலிருந்து இந்திய நம்பரைப் போலியாகக் காட்டி வரும் அழைப்புகளைத் தடுக்கும் ஏற்பாட்டையும் 2024 அக்டோபரில் மத்திய அரசு கொண்டுவந்துவிட்டது. இனி அந்த ரகத்தை நம்பிக் காசு போடாதீர்கள்.

2015இல் வாட்ஸ்அப்பில் பேசும் வசதி வந்தது, அடுத்த வருடக் கடைசியில் வீடியோவும் வந்தது. நம் ஆட்களில் பலர் அதோடு மற்ற எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டார்கள். குரல் மட்டும் என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய அரை எம்பிதான் போகும், வீடியோ அதைப் போலப் பத்து மடங்கு இழுக்கும். தினம் இருபது நிமிடம் குரலில் பேசினால் ஒரு ஜிபி மூன்று மாதம் வரும். அமைப்புகளில் 'அழைப்புக்குக் குறைந்த டேட்டா' என்பதையும் போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. அக்காவிடம் பேச எனக்கு இன்றும் இதுதான். எல்லா நாட்டிலும் இது நடக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமீரகத்தில் வாட்ஸ்அப் செய்தி போகும், அழைப்பு போகாது. அங்கே போட்டிம் மாதிரி உரிமம் பெற்ற செயலிகள்தான்.

அம்மாவுக்கும் ஒரு டச் போன் வாங்கிக் கொடுத்துப் பார்த்தோம். இருபது வருடத்துக்கு மேல் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கிய விரல், நுனியெல்லாம் காய்ப்பு ஏறிப்போய் இருக்கும். போன் அடிக்கும், பச்சை வட்டம் துள்ளும், அம்மா கட்டைவிரலால் அதை அழுத்து அழுத்தென்று அழுத்துவார். அழுத்தக் கூடாது, மேலே தள்ள வேண்டும் என்று அக்கா மகள் பத்துத் தடவை சொல்லிக் கொடுத்தாள். தள்ளினாலும் அந்த விரலைக் கண்ணாடி பாதி நேரம் மதிக்கவில்லை. ஒரு மாதம் பொறுத்தார். பிறகு அதை ஒரு துணியில் சுற்றி பீரோவில் வைத்துவிட்டுப் பழைய பட்டன் போனை எடுத்துக்கொண்டார்.

ஆக, என் செலவைத் தீர்மானிப்பது நான் எந்த நாட்டில் இருக்கிறேன் என்பதல்ல, அம்மாவின் கையில் எந்த போன் இருக்கிறது என்பதுதான். செயலிக்குச் செயலி இலவசம் என்கிற கதையெல்லாம் இரண்டு பக்கமும் டச் போன் இருந்தால்தான்.

கையில் இருக்கும் இந்திய சிம்மைப் பற்றி. இதில் நான் ஒரு தடவை நன்றாகப் பட்டுவிட்டேன். எத்தியோப்பியாவில் நாலு மாதம் சிம்மைக் கழற்றிப் பர்ஸில் வைத்திருந்தேன். ஊர் திரும்பிப் போட்டால் நம்பர் செத்துப்போயிருந்தது, வங்கி ஓடிபி எல்லாம் அந்த நம்பரில். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால் பிரீபெய்டு நம்பரை நிறுத்திவிடலாம் என்பதும், கணக்கில் குறைந்தது 20 ரூபாய் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு நம்பரைக் காப்பாற்ற வேண்டும் என்பதும் டிராய் விதி. என் கணக்கில் இருந்தது சில்லறைக் காசு. இப்போதெல்லாம் கிளம்பும் முன்பே ரீசார்ஜ் போட்டு, சர்வதேச ரோமிங்கைத் திறந்துவிட்டு, டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிடுகிறேன். ஓடிபி வந்து விழுகிறது.

போகிற நாட்டில் வாங்கும் சிம்மை எந்த போனில் போடுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். துருக்கியில் வெளிநாட்டு போனில் உள்ளூர் சிம் 120 நாள்தான் ஓடும், அதற்கு மேல் வரி கட்டிப் பதிவு செய்யாவிட்டால் அந்த போன் அங்கே வேலை செய்யாது. காசியான்டெப் வேலை இழுத்துக்கொண்டே போனபோது அங்கேயே ஒரு பழைய பட்டன் போன் வாங்கி லோக்கல் சிம்மை அதில் போட்டுக்கொண்டேன்.

சில வருடங்களாக வீட்டுக்குப் பேச என் முதல் தேர்வு வைஃபை காலிங். செயலி எதுவும் வேண்டாம். இந்திய சிம் போனிலேயே இருக்கும், கெஸ்ட் ஹவுஸ் வைஃபையில் சேர்ந்ததும் சாதாரண அழைப்பாகவே போகும். முக்கியமாக, அம்மாவின் போனில் என் சொந்த நம்பர் விழும். வெளிநாட்டில் இதற்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பது சிம்முக்கு சிம், திட்டத்துக்குத் திட்டம் மாறும். புறப்படும் முன் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பேசும்போது ஏரோபிளேன் மோடில் போட்டு வைஃபையை மட்டும் திறந்து வைப்பது என் பழக்கம், தெரியாமல் ரோமிங் டவரில் போய் ஒட்டிக்கொண்டால் நிமிடத்துக்கு நிமிடம் தீட்டிவிடும்.

இதுவும் போதாது என்று 2024 ஜூலையில் தெரிந்தது. மறுபடியும் காசிப்பூரில்தான் இருந்தேன். மாணவர் போராட்டம் முற்றி, முதலில் மொபைல் நெட் போனது, 18ஆம் தேதி இரவோடு பிராட்பேண்டும் போய்விட்டது. மறுநாள் நள்ளிரவிலிருந்து ஊரடங்கு. வாட்ஸ்அப், வைஃபை காலிங், கிரெடிட் போட்ட செயலி எல்லாமே நெட்டில் ஓடுபவை, ஒரே நேரத்தில் எல்லாம் பிணம் மாதிரிக் கிடந்தன. என்னிடம் மிச்சம் இருந்தது லோக்கல் சிம், அதில் கொஞ்சம் பாக்கி. அதில் நேரடி வெளிநாட்டு அழைப்பாக ஐஎஸ்டி அடித்தேன். பத்துத் தடவைக்கு ஒரு தடவை போனால் பெரிது. 20ஆம் தேதி மதியம் மணி அடித்தது. ஊரில் டிவியில் துப்பாக்கிச் சூட்டைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அம்மா எடுத்ததும் "ஏய்யா" என்று ஒரு சத்தம். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. முதல் தடவையாகக் காசு ஏறும் என்று சொல்லாமல் போனைப் பிடித்துக்கொண்டே இருந்தார். பாக்கி தீர்ந்து லைன் தானாக அறுந்தது.

ரீசார்ஜ் போடக் கடை இல்லை. வாட்ச்மேன் பாய் மறுநாள் ஊரடங்கைக் கொஞ்சம் தளர்த்திய நேரத்தில் போய், பாதி ஷட்டர் திறந்திருந்த ஒரு கடையில் போட்டுக் கொண்டுவந்தார். 23ஆம் தேதி இரவுதான் பிராட்பேண்ட் எட்டிப் பார்த்தது, மொபைல் நெட் வர 28 ஆயிற்று. எத்தியோப்பியாவிலும் 2020இல் ஜூன் கடைசியிலிருந்து மூன்று வாரம் போல நெட்டை நிறுத்தி வைத்தார்கள். அப்போது நான் ஊரில் இருந்தேன், தப்பித்தேன். அந்த ஜூலைக்குப் பிறகு, எந்த நாட்டுக்குப் போனாலும் லோக்கல் சிம்மில் அரை மணி நேர ஐஎஸ்டிக்கு உண்டான பணத்தைப் போட்டுத் தொடாமல் வைத்துவிடுகிறேன். கட்டணம் அதிகம்தான். செலவாகாமல் திரும்பி வந்தாலும் பரவாயில்லை.

ஸ்கைப் 2025 மே 5ஆம் தேதியோடு மூடப்பட்டது. அதே மாதிரி சாதாரண போனுக்கு அடிக்கும் செயலிகள் வேறு உண்டு, ஒன்றை வைத்திருக்கிறேன். அதில் என் லோக்கல் நம்பரைச் சரிபார்த்துப் பதிந்துவிட்டால், பெரும்பாலும் அந்த நம்பரே வீட்டில் விழுகிறது. பெரிய தொகை போடுவதில்லை, இந்த ரகத்தில் சிலவற்றில் ஆறு மாதம் தொடாவிட்டால் கிரெடிட் உறங்கிவிடும்.

நம்பர் தெரியாமல் எடுப்பதில்லை என்ற கொள்கையை அம்மா இன்றும் விடவில்லை. மோசடிக்காரர்கள் கூப்பிடுகிற காலத்தில் அதை விடச் சொல்லவும் மனம் வரவில்லை. அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். அடுப்படிக் கதவுக்குப் பக்கத்தில் தொங்கும் பழைய தினசரி காலண்டர் அட்டையில், நான் போகிற நாடுகளின் கோடு எண்களை அக்கா மகளை எழுத வைத்திருக்கிறார்: 880, 251, 90, 998, 62. போன் அடித்தால் கொண்டுபோய் அட்டைக்குப் பக்கத்தில் பிடித்து, முன்னால் இருக்கும் எண் சேர்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பச்சைப் பட்டனை அழுத்துவார். நாலு தடவை மணி அடித்த பிறகுதான் எடுப்பார் என்பதால் நானும் அவசரப்பட்டு வைப்பதில்லை. அடுத்த மாதம் இந்தோனேசியாவின் பாண்டுங் கிளம்புகிறேன். 62 மங்கிப்போய்விட்டதாம், மறுபடி பெரிதாக எழுதித் தந்துவிட்டுப் போ என்று நேற்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.