வேகப் படகு எஞ்சினுக்குக் குளிர்நீர் எடுக்கும் அமைப்புகள்: பல சீசன் ஓடிய பிறகு தெரிவது

60 நாட் (மணிக்கு 60 கடல் மைல்) வேகத்தில் போகும் படகில் எஞ்சின் சூடானால், தண்ணீர் போதவில்லை என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். உடனே பெரிய பிக்கப் (வெளியிலிருந்து தண்ணீர் எடுக்கும் வாய்), பெரிய ஹோஸ், பெரிய பம்பு என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள். அந்த வேகத்தில் தண்ணீருக்குப் பஞ்சமே கிடையாது. கூடவே நுழையும் காற்றும், கட்டுக்கு மீறிய அழுத்தமும்தான் அங்கே தலைவலி. தண்ணீர் உண்மையிலேயே குறைவது ஐடிலில் ஊர்ந்து போகும்போதுதான். ஒரே துளை இந்த இரண்டு நேரத்துக்கும் ஈடுகொடுக்க வேண்டியிருப்பதால்தான் இந்த அமைப்பு இவ்வளவு படுத்துகிறது.

கணக்கைப் பார்த்தால் விளங்கும். முன்னோக்கித் திறந்திருக்கும் பிக்கப்பில் கடல்நீர் மோதி நின்றால் உண்டாகும் அழுத்தம் 20 நாட்டில் சுமார் 8 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு பவுண்டு), 40 நாட்டில் 31, 60 நாட்டில் 71, 80 நாட்டில் 126. வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. வளைவுகளிலும் வடிகட்டியிலும் கொஞ்சம் குறைந்துதான் எஞ்சினுக்கு வரும் என்றாலும், பாதி வந்தால்கூட இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட் தாங்காது. அதே படகு 5 நாட்டில் போகும்போது இந்த உந்துதல் அரை பி.எஸ்.ஐ. அளவுதான். பம்பு உறிஞ்சினால்தான் தண்ணீர் வரும்.

டிரைவ் வழியாக எடுப்பது

எஞ்சின் உள்ளேயும், புரொப்பெல்லர் மாட்டிய டிரைவ் பின்சுவருக்கு வெளியேயும் இருக்கும் ஸ்டெர்ன் டிரைவ் படகுகளில் கம்பெனி தரும் ஏற்பாடு இது. மெர்க்ரூசர் பிராவோ வகையில் கியர்கேஸின் (டிரைவின் அடிப்பகுதி) பக்கவாட்டுத் துளைகளில் நுழையும் தண்ணீர் டிரைவுக்குள்ளேயே மேலேறி, பெல் ஹவுசிங் ரப்பர் குழாய் வழியாக ட்ரான்சத்தை (படகின் பின்சுவர்) தாண்டி, எஞ்சினில் மாட்டியிருக்கும் பம்புக்கு வருகிறது. ஆல்ஃபா வகையில் பம்பு டிரைவுக்குள்ளேயே இருக்கும். சாதாரணக் குதிரைத் திறனுக்கும் 50 நாட்டுக்குக் கீழான வேகத்துக்கும் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. படகின் அடியில் புதிதாகத் துளை போட வேண்டாம், கார்டன் ஹோஸை மாட்டி எளிதாகக் கழுவலாம்.

டிரைவை உயர்த்தி மாட்டும்போதுதான் வம்பு. இழுவையைக் குறைக்க புரொப்பெல்லர் ஷாஃப்டை மேலே கொண்டுபோனால் பக்கவாட்டுத் துளைகளும் நீர்மட்டத்தை ஒட்டி வந்துவிடும். ட்ரிம் ஏற்றியதும், அதாவது டிரைவை மேல்நோக்கிச் சாய்த்ததும், பாதித் துளை காற்றைக் குடிக்கும். இதற்குத் தீர்வு நோஸ் கோனில் (டிரைவின் கூர்மூக்கு), ஷாஃப்ட் மட்டத்துக்கும் கீழே துளை வைத்த லோயர் யூனிட், அதாவது டிரைவின் கீழ்ப்பாகம். உயர்த்தி மாட்டிய அவுட்போர்டுகளிலும் இதே வழிதான். பழைய பக்கத் துளைகளை எபாக்சியோ தகடோ வைத்து அடைக்காமல் விட்டால் நோஸ் கோன் போட்டும் பயனில்லை. கீழே தண்ணீர் ஏற, மேலே காற்று புகும். இன்னொன்று, ஆழமில்லாத இடத்தில் இந்த மூக்குத் துளை மணலை நன்றாக அள்ளும்.

நாள்பட்ட பிராவோவில் யாரும் கவனிக்காத இடம், ட்ரான்சத்துக்குள் போகும் அந்தக் குறுகிய குழாய். உப்புநீரில் ஓடும் படகில், அலுமினியத் துளைக்கும் குழாய்க்கும் நடுவே வெள்ளைப் பொடியாகத் துரு சேர்ந்து குழாயை உள்பக்கமாக நெருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: பம்பின் உறிஞ்சு ஹோஸைக் கழற்றி, வேறு ஒரு ஹோஸை மாட்டி, நுனியைத் தண்ணீர் நிறைந்த பெரிய டிரம்மில் விட்டு ஐடிலில் ஓட்டிப் பாருங்கள். சூடு இறங்கினால் அடைப்பு பம்புக்கு முன்னால். இறங்காவிட்டால் பம்பிலோ அதற்குப் பின்னாலோ.

அடித்துளை பிக்கப்

பெரிய எஞ்சினுக்கும், சொந்தத் தண்ணீர் வழி இல்லாத சர்ஃபேஸ் டிரைவுக்கும் (புரொப்பெல்லர் பாதி நீருக்கு வெளியே சுழலும் வகை) ஏற்றது இதுதான். சரியாகப் போட்டால் பல வருஷம் தொந்தரவே இருக்காது. தவறாகப் போட்டால் படகையே மாற்றலாமா என்று தோன்றிவிடும்.

இடம் தேர்வதில்தான் முக்கால் வேலை. கீலுக்கு அருகில், பின்பக்கமாக, முழு வேகத்திலும் நனைந்தே இருக்கும் பகுதி வேண்டும். லிஃப்டிங் ஸ்ட்ரேக் (அடியில் நீளவாக்கில் ஓடும் மேடு), டெப்த் சென்சார், வேறு துளை எதற்கும் நேர் பின்னால் வைக்கக் கூடாது; அவை ஒவ்வொன்றும் காற்றுக் குமிழ்களை வாலாக விட்டுப்போகும். ஸ்டெப் ஹல்லில், அதாவது அடியில் குறுக்காகப் படி வெட்டிய படகில், இன்னும் கவனம் தேவை. ஸ்டெப்பின் வேலையே அடியில் காற்றை விடுவது. அதையொட்டிப் பின்னால் பிக்கப் வைத்தால் நுரையைத்தான் குடிக்கும். கடைசி ஸ்டெப்பிலிருந்து முடிந்தவரை தள்ளி, நடுப்பகுதியை ஒட்டி வைப்பதே வழி. அதே சமயம் புரொப்பெல்லருக்கு நேர் முன்னாலும் வரக் கூடாது. பிக்கப் கலக்கிய தண்ணீரில் புரொப்பெல்லர் வழுக்கும்.

அளவைப் பொறுத்தவரை, 1 இன்ச் வழியை 1½ இன்ச் ஆக்கினால் பரப்பு 2.25 மடங்கு. ஆனால் வழியில் ஒரே ஒரு 1 இன்ச் எல்போ இருந்தாலும் மொத்தமும் 1 இன்ச்தான். ஃபிட்டிங்கின் வெளி அளவை நம்பாமல் உள்துளையை அளந்து பார்க்க வேண்டும்.

பொருத்தும்போது அடிக்கடி நடக்கும் தவறு மரையில். அடித்துளை ஃபிட்டிங்கின் மரை பெரும்பாலும் நேர்மரை. கடையில் கிடைக்கும் சாதாரண பால் வால்வின் மரை கூம்பு மரை. இரண்டையும் சேர்த்தால் இரண்டு மூன்று சுற்று ஏறி இறுகிக்கொள்ளும், பார்க்க உறுதியாகவும் தெரியும். அலையில் குதிக்கும் படகில் அந்த இரண்டு சுற்றுதான் கடலைத் தடுத்து நிற்கிறது! அடியில் அகலத் தட்டு உள்ள, நேர்மரை வெட்டிய வெண்கல சீகாக்கை (அடித்துளையைத் திறந்து மூடும் வால்வு) வாங்கி, உள்ளே பேக்கிங் பிளாக் வைத்து போல்ட் போட வேண்டும். ஹல் சாண்ட்விச் கட்டுமானமாக (இரண்டு தகடுகளுக்கு நடுவே உள்கட்டை) இருந்தால், துளையைச் சுற்றி உள்கட்டையைச் சுரண்டி எடுத்து, கெட்டியாகக் குழைத்த எபாக்சியால் நிரப்பி, காய்ந்த பிறகே மறுபடி துளையிட வேண்டும். இதை விட்டுவிட்டால் கட்டைக்குள் ஈரம் ஏறி, இரண்டு மூன்று சீசனில் அந்தப் பகுதி தட்டினால் மந்தமாக ஒலிக்கும்.

ட்ரான்சம் பிக்கப்

அடியில் துளை போட மனமில்லாதவர்களுக்கு, பின்சுவரின் கீழ் ஓரத்தில் மாட்டும் ஸ்கூப். நீர்வழி டிரைவின் நெருக்கடியைத் தவிர்த்து நேராகப் போவதால் ஓட்டம் நன்றாகவே இருக்கும். அடித்தளத்திலிருந்து எவ்வளவு கீழே நீட்டுவது என்பதில்தான் விஷயம். சமமட்டத்தில் ஆரம்பித்து, ஒவ்வொரு முறையும் 2 அல்லது 3 மில்லிமீட்டர் இறக்கி ஓட்டிப் பார்ப்பது நல்லது. அளவுக்கு மீறி இறக்கினால் பின்னால் தண்ணீர் பீய்ச்சும், வேகம் குறையும், மிதக்கும் கட்டை தட்டினால் முதலில் உடைவதும் அதுவே.

அலையில் படகு தண்ணீரை விட்டு எழும்பும்போது அழுத்த கேஜ் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்து எழுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஸ்ட்ரெய்னரில் (வடிகட்டி) நிற்கும் தண்ணீர் அந்த ஓரிரு நொடியைச் சமாளிக்கும். அதற்காகவே ஸ்ட்ரெய்னரைப் பெரியதாகப் போட்டு, நீர்மட்டத்தை ஒட்டித் தாழ்வாக மாட்ட வேண்டும்.

டிரைவ் வழியும் இருக்கட்டும், ட்ரான்சம் வழியும் இருக்கட்டும் என்று இரண்டையும் ஒரு ஒய் ஃபிட்டிங்கில் சேர்ப்பவர்கள் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. டிரைவை ட்ரிம் ஏற்றியதும் அதன் துளை வெளியே வந்து காற்றை இழுக்கும். இல்லையென்றால் ட்ரான்சம் வழியாக ஏறிய தண்ணீர் டிரைவ் வழியாக வெளியே ஓடும். ஒவ்வொரு கிளைக்கும் செக் வால்வு போடுங்கள், இல்லாவிட்டால் டிரைவ் வழியை மூடிவிடுங்கள். இரண்டாவது வழி மேல். பழுதாக ஒரு பொருள் குறைவு.

ஸ்ட்ரெய்னரும் ரிலீஃப் வால்வும்

தெளிவான பிளாஸ்டிக் குடுவை வைத்த ஸ்ட்ரெய்னர் உறிஞ்சும் வேலைக்குச் செய்தது. அதில் 50 பி.எஸ்.ஐ. ஏறினால் நட்டு இருக்கும் ஓரத்தில் நட்சத்திரம் போல விரிசல் விடும். மூடியை ஓவராக முறுக்குவதும், குடுவையை தின்னர் போட்டுத் துடைப்பதும் அதை விரைவுபடுத்தும். உடைந்தால் பிக்கப் நேராக பில்ஜுக்குள் (படகின் உள் அடிப்பள்ளம்) பம்பு செய்யும். 50 நாட்டைத் தாண்டும் படகுக்கு முழு உலோக உடல் கொண்ட ஸ்ட்ரெய்னரே சரி. உள்ளே பார்க்க முடியாது, திறந்துதான் பார்க்க வேண்டும். அந்தச் சிரமம் பரவாயில்லை.

அழுத்தத்தைக் குறைக்க சீகாக்கைப் பாதி மூடி ஓட்டுவது பரவலான பழக்கம். தப்பு. முழு வேகத்துக்குச் சரியாக இருக்கும் அந்தப் பாதி, ஐடிலில் பம்பின் கழுத்தை நெரிக்கும். ஸ்பிரிங் வைத்த ரிலீஃப் வால்வு போட்டு, மிஞ்சும் தண்ணீரை நீர்மட்டத்துக்கு மேலே, ஓட்டுபவர் கண்ணில் படும் இடத்தில் வெளியே விடுவதே முறை.

வால்வை பம்புக்கு முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா? முன்னால் போட்டால் ஸ்ட்ரெய்னருக்கும் பாதுகாப்பு. ஆனால் ஐடிலில் அந்தப் பகுதியில் இருப்பது உறிஞ்சு அழுத்தம். வால்வின் இருக்கையில் ஒரு மணல்துகள் சிக்கினாலும் வெளியேற்றக் குழாய் வழியாகக் காற்று உள்ளே வரும். பம்புக்குப் பின்னால் போட்டால் அதே கசிவில் கொஞ்சம் தண்ணீர்தான் வீணாகும். அதனால் பின்னால்தான். ஸ்ட்ரெய்னர் உலோகமாக இருக்க வேண்டும் என்பதற்கு இதுவும் காரணம்.

செட் செய்யும்போது 30 நாட்டில் ஆரம்பித்து, 10 நாட் கூட்டிக் கூட்டி முள்ளைக் குறித்துக்கொண்டே போக வேண்டும். எஞ்சின் தயாரிப்பாளர் கொடுத்த எண் இருந்தால் அதுவே முடிவு. இல்லாவிட்டால் முழு வேகத்தில் பிளாக்கில் 20 பி.எஸ்.ஐ.யை ஒட்டி நிறுத்துவது பாதுகாப்பானது. மிஞ்சிய தண்ணீரை எக்சாஸ்ட் ஹெடருக்குள் தள்ளிவிடலாம் என்று நினைக்காதீர்கள். பெரிய கேம் போட்ட (வால்வுகள் அதிக நேரம் திறந்திருக்கும்) எஞ்சின் ஐடிலில் எக்சாஸ்டிலிருந்து கொஞ்சம் திரும்ப இழுக்கும்; அந்தத் தண்ணீர் சிலிண்டருக்குள் போகும்.

பம்பின் உறிஞ்சு பக்கம் முழுக்கக் கம்பி வைத்த ஹோஸ் வேண்டும். சாதாரண ஹோஸ் சூட்டில் இளகி உள்ளே ஒட்டிக்கொள்ளும், எஞ்சினை நிறுத்தியதும் பழையபடி உப்பிவிடும். ஆறிய பிறகு தேடினால் எதுவும் கிடைக்காது.

கேஜ் சொல்லும் கதை

வெப்ப கேஜை மட்டும் நம்பி ஓட்டுவது போதாது. தண்ணீர் அறவே நின்றுபோனால் சென்சார் நீராவியில் நின்றுகொண்டு குறைவாகக் காட்டும் நேரமும் உண்டு. பிளாக்கில் ஒரு பிரஷர் கேஜ் கட்டாயம் இருக்க வேண்டும். புதிதாக எல்லாம் சரியாக இருக்கும் நாளில் ஐடில், 3000 ஆர்.பி.எம்., முழு வேகம் மூன்றிலும் என்ன காட்டுகிறது என்று எழுதி டாஷ்போர்டுக்குள் ஒட்டிவையுங்கள்.

வாரா வாரம் அழுத்தம் மெதுவாக இறங்கினால் ஸ்ட்ரெய்னர், பிக்கப், இம்பெல்லர் (பம்புக்குள் சுழலும் ரப்பர் இதழ்ச் சக்கரம்) என்ற வரிசையில் பாருங்கள். அழுத்தம் ஏறி, சூடும் ஏறினால் அடைப்பு பின்னால்: ஹீட் எக்ஸ்சேஞ்சர், மேனிஃபோல்டு, ரைசர் (எக்சாஸ்டின் மேல்வளைவு). வளைவில் மட்டும் விழுந்தால் பிக்கப் காற்றில் நிற்கிறது. முள் நடுங்கிக்கொண்டே இருந்தால் உறிஞ்சு பக்கத்தில் காற்றுக் கசிவு. பம்புக்குப் பின்னால் ஒரு அடி தெளிவான ஹோஸைத் தற்காலிகமாக மாட்டி, ஐடிலில் மட்டும் ஓட்டினால் குமிழ் கண்ணுக்குத் தெரியும். குற்றவாளி பெரும்பாலும் ஸ்ட்ரெய்னர் மூடியின் ஓ-ரிங்தான்.

எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது தேய்ந்த இம்பெல்லர். முழு வேகத்தில் மோதும் தண்ணீரே வேலையைச் செய்துவிடுவதால் எஞ்சின் ஜம்மென்று ஓடும். திரும்பி வந்து துறைக்குள் மெதுவாக நுழையும்போது சூடு ஏறும். தெர்மோஸ்டாட்டை மாற்றிப் பார்ப்பார்கள், சரியாகாது. இம்பெல்லரை சீசனுக்கு ஒருமுறை மாற்றுவதோடு, பம்பின் உள்தட்டில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் பள்ளத்தில் மாட்டினால் புது இம்பெல்லரும் உறிஞ்சாது, தட்டையும் மாற்ற வேண்டும். கழற்றியதில் ஒரு இதழ் குறைந்தால், அது கிடைக்கும்வரை வேலை முடியவில்லை. முதலில் ஸ்டீயரிங் கூலரின் வாயில் தேடுங்கள்.

இரட்டை எஞ்சின் படகில் ஒன்று நின்றுபோய் மற்றதை வைத்துத் திரும்பும்போது, நின்ற எஞ்சினின் சீகாக்கை முதல் வேலையாக மூட வேண்டும். கட்டி இழுத்துப் போகும்போதும் அப்படியே. முன்னோக்கிய ஸ்கூப் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். இம்பெல்லர் இதழ்கள் மடங்கி வழிவிடும். ஊதி வெளியேற்ற புகை இல்லாததால் எக்சாஸ்ட் நிரம்பி, திறந்திருக்கும் வால்வு வழியாக சிலிண்டருக்குள் இறங்கும். மூடினோமா என்று சந்தேகம் இருந்தால் ஸ்டார்ட்டரைத் தொடாமல், எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் சுற்றிப் பாருங்கள். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும்.